தோப்புக்குத் தண்ணீர் விட்டு நொந்த அனுபவம்

போச்சம்பள்ளி மாந்தோப்பு:
தோத்தாபுரி, 12 வயது மரங்கள். மழை முடிந்ததும் தண்ணீரை நிறுத்தி மரத்தை வாடவிட்டால்தான் பூ எடுக்கும் என்பது தெரியாமல் இல்லை. ஆனால் ஓரத்தில் தக்காளி போட்டிருந்தேன், இரண்டுக்கும் ஒரே கேட் வால்வு. தக்காளி வாடுகிறதே என்று கார்த்திகை முழுக்க வாரம் இரண்டு முறை திறந்துவிட்டேன். தை பிறந்தது. பக்கத்துத் தோப்பு முழுக்கப் பூ, என் தோப்பில் செம்பு நிறத்தில் துளிர் மட்டும். குத்தகை பேச வந்த வியாபாரி வண்டியை விட்டு இறங்கவே இல்லை. வேலிக்கு வெளியே நின்று அண்ணாந்து பார்த்தார். "அடுத்த வருஷம் பார்க்கலாம்ங்க" என்று கிளம்பிவிட்டார்.

புளியங்குடி எலுமிச்சை:
நாங்கள் அடிமரத்தை ஒட்டியே பாத்தி கட்டி நிரப்பி வந்தோம். ஒருநாள் மரத்தைத் தொட்டால் கையில் பிசின். பட்டையைச் சுரண்டினேன், உள்ளே பழுப்பாக அழுகல். 9 மரம் போயிற்று.

போச்சம்பள்ளி அண்ணே, தக்காளியை மட்டும் குறை சொல்லாதீர்கள். முந்தின வருஷம் நன்றாகக் காய்த்திருந்தால் மறு வருஷம் பூ குறையும். மார்கழியில் மழை பெய்தாலும் துளிர்தான் வரும். அப்புறம், இனிமேல் பிஞ்சு பட்டாணி அளவு வந்த பிறகே தண்ணீர் திறங்கள், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். சொட்டுநீர்க் குழாயில் தண்ணீர் சொட்டும் முனை (சொட்டுவான்) அடிமரத்தில் இருந்தால் வெளியே நகர்த்துங்கள். உறிஞ்சும் வேர் கிளை நிழல் விழும் ஓரத்தை நோக்கித்தான் போகும். கன்று நட்டபோது வைத்த இடத்திலேயே பலர் பத்து வருஷம் விட்டுவிடுகிறார்கள்.

போச்சம்பள்ளி மாந்தோப்பு:
புளியங்குடி தம்பி, ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் காய்ப்பது அல்போன்சாவுக்குப் பொருந்தும். தோத்தாபுரி வருஷா வருஷம் காய்க்கும் ரகம். பக்கத்துத் தோப்புக்கும் அதே மழைதான். தப்பு என் வால்வில்தான்.

சின்னமனூர் மாதுளை:
மோட்டார் எரிந்து 12 நாள் தண்ணீர் இல்லை. காயில் நிறம் ஏறும் நேரம். மோட்டாருக்குக் கம்பிச் சுருள் கட்டி வந்த அன்று, மரம் காய்ந்து கிடக்கிறதே என்று விடிய விடிய ஓட்டினேன். மூன்றாம் நாள் காலை மகள் ஒரு பழத்தோடு வந்தாள். "அப்பா, இது தானா வெடிச்சிருக்கு." உள்ளே போனால் வரிசை வரிசையாக முத்து தெரியப் பிளந்து கிடந்தன, எறும்பு ஏறியிருந்தது. அந்த 12 நாளும் டேங்கரில் கொண்டுவந்து மரத்துக்கு இரண்டு குடம் ஊற்றியிருந்தால் தப்பியிருக்குமோ என்று இன்றும் யோசிக்கிறேன். யாராவது அப்படி ஊற்றிப் பார்த்தீர்களா?