புதுப்பிப்பு: சர்வர்களை எங்கே வைப்பது என்று முடிவாகிவிட்டது

எங்கள் நிறுவனத்தின் சர்வர்களை வைக்க இரண்டு டேட்டா சென்டர்களில் (சர்வர்களை வாடகைக்கு வைத்து இயக்கும் நிலையங்கள்) எதைத் தேர்வது என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். ஒன்று அலுவலகத்துக்கு அருகில், வாடகையும் குறைவு, மற்றொன்று தொலைவில். தொலைவில் உள்ளதையே எடுத்துவிட்டோம்.

காரணம் மின்சாரம். இருவருமே ‘ஏ’, ‘பி’ என இரண்டு மின்வழிகள் உண்டு என்றார்கள். நீங்கள் சொன்னபடி, அவை எங்கிருந்து வருகின்றன என்று துருவினேன். அருகில் இருந்ததில் இரண்டுமே ஒரே யுபிஎஸ்ஸில் போய் முடிந்தன. பெயருக்குத்தான் இரண்டு! (தனித்தனியாக இருந்தாலும் ஒவ்வொன்றிலும் பாதிக்கும் குறைவாகவே சுமை ஏற்ற வேண்டும், ஒன்று நின்றால் மற்றது முழுவதையும் தாங்க வேண்டுமே.)

அருகில் இருந்ததன் ‘டயர் 3’ சான்றிதழையும் (பராமரிப்பு வேலையின்போதும் சேவை நிற்காது என்பதற்கான தரநிலை) வாங்கிப் பார்த்தேன். இந்தச் சான்றை வழங்கும் அப்டைம் இன்ஸ்டிடியூட் என்ற அமைப்பு வடிவமைப்புக்குத் தனியாகவும் கட்டி முடித்த நிலையத்துக்குத் தனியாகவும் சான்று தருகிறது. விற்பனையாளர் பெருமையாக நீட்டியது வடிவமைப்புச் சான்று மட்டுமே.

கிராஸ் கனெக்ட் (நம் சர்வரை அதே நிலையத்தில் உள்ள இணைய நிறுவனத்தின் கருவியோடு இணைக்கும் கேபிள்) மாதக் கட்டணத்தைச் சேர்த்ததும் வாடகை வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துவிட்டது. தொலைவு பற்றிப் பலர் எச்சரித்தீர்கள். பழுதான டிஸ்க்கை மாற்ற அங்குள்ள பணியாளர்களே போதும் என்று நினைக்கிறேன்.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது வாடகை உயர்வுக்கு உச்சவரம்பு வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.