ஃபோம் வாள் இடுப்புல நிக்க மாட்டேங்குது, யாராவது வழி சொல்லுங்க

வணக்கம் மக்களே. ஹூஸ்டன் பக்கம் டாட் மிஷன்ல நடக்குற டெக்சஸ் ரெனைசான்ஸ் திருவிழாவுக்கு (பழைய காலத்து ஐரோப்பா மாதிரி நடத்துற விழா) தம்பியும் நானும் வேஷம் கட்டிப் போறோம். எனக்கு 16-ம் நூற்றாண்டு ஸ்பானியப் பிரபு வேஷம். அதனால ரேப்பியர், அதாவது ஒல்லியா நீளமான வாள்.

அலகு முடிஞ்சது. நடுவுல ஃபைபர்கிளாஸ் கம்பி, ரெண்டு பக்கமும் 5 மி.மீ. ஈவிஏ ஃபோம் (மெத்துனு இருக்குற பிளாஸ்டிக் ஷீட்), ஒட்ட கான்டாக்ட் சிமென்ட் பசை. ஹீட் கன் காட்டி மேல்பரப்பை இறுக்கி, பிளாஸ்டி டிப்னு ஒரு ரப்பர் பூச்சு அடிச்சு, அதுமேல சில்வர் பெயின்ட். ஓரத்துல லேசா கறுப்பு தேய்ச்சதும் இரும்புன்னே நம்புறாங்க. சிக்கல் கைப்பிடிலதான். விரலைச் சுத்தி வளைஞ்சு போற காப்பு வளையங்களை ஃபோம்ல வெட்டினா தொளதொளன்னு தொங்குது. உள்ளே அலுமினியக் கம்பி வைக்கலாமா, இல்ல 3டி பிரிண்ட்தான் வழியா?

அடுத்தது உறை. ஒரு மீட்டருக்கு மேல நீளம், எடையோ சுத்தமா இல்ல. நடந்தா கண்டபடி ஆடி, பின்னால வர்றவங்க முழங்கால்ல இடிக்குது. கூட்டத்துல குழந்தைங்க முகத்துல பட்டா வம்பு. அந்தக் காலத்து மாதிரி சாய்வா தொங்கவிடுற தோல் வார் யாராவது தைச்சிருந்தா, பெல்ட்ல எங்கெங்க மாட்டணும்னு ஒரு படம் போடுங்க. உறை நுனியில மீன்பிடி ஈயக்குண்டு வைக்கிற யோசனையும் இருக்கு, சரிப்படுமா?

வாளை உறையோட சேத்துக் கட்டியிருந்தாதான் திருவிழாவுக்குள்ள சுத்த முடியும். அதுக்கு ஜிப் டை மாட்ட இடம் விட்டிருக்கேன்.

'கடையில வாங்கிடு'ன்னு மட்டும் சொல்லாதீங்கப்பா, அதை வீட்லயே நிறைய கேட்டாச்சு. அக்டோபருக்குள்ள முடிக்கணும்.