ஹைட்ரோபோனிக்ஸ்: நீருழவா, கரைசல் வளர்ப்பா?

அன்புள்ள குழுமத்தாருக்கு,

வணக்கம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான செய்முறைக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். பால்கனியில் ஹைட்ரோபோனிக்ஸ் முறையில், அதாவது மண் இல்லாமல் சத்து கரைத்த தண்ணீரில், கீரை, புதினா வளர்ப்பது பற்றியது. 24 பக்கம். வெள்ளிக்கிழமை பக்க வடிவமைப்புக்குப் போக வேண்டும். தலைப்புச் சொல் மட்டும்தான் பாக்கி.

அமைப்பு எளியது. மூடியுள்ள ஒரு வாளி. மூடியில் துளையிட்டு, அடியில் ஓட்டைகள் போட்ட சிறு குவளையைத் தொங்கவிட வேண்டும். குவளையில் தென்னைநார்த்தூள், அதில் நாற்று. குவளையின் அடி நனையும் அளவுக்கு வாளியில் சத்து கரைத்த தண்ணீர். மோட்டார் கிடையாது. செடி குடிக்கக் குடிக்க மட்டம் இறங்கும். மேலே காலியாகும் இடத்தில் உள்ள வேர் காற்றை வாங்கும், கீழே உள்ளது தண்ணீரை வாங்கும்.

"நீர்வளர்ப்பு" என்று போட்டிருந்தேன். படித்துப் பார்த்த இன்னொரு ஆசிரியர், "மீன் வளர்ப்பா?" என்று கேட்டார். அதோடு அதை அடித்துவிட்டேன். உதவுங்கள்.

— ம.

*

அன்புள்ள அம்மா,

உங்களுக்கு வந்த அதே சிக்கல்தான் அந்த முறைக்கு ஆங்கிலத்தில் பெயர் தேடியவருக்கும் வந்தது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் இருந்த கெரிக், 1929-இல் தம் முறைக்கு "அக்வாகல்ச்சர்" என்றுதான் பெயர் வைத்தார். அது ஏற்கெனவே நீர்வாழ் உயிர்களை வளர்ப்பதற்கு வழங்கிவந்த சொல். அதே பல்கலைக்கழகத்தின் பாசியியல் அறிஞர் செட்செல் "ஹைட்ரோபோனிக்ஸ்" என்று எடுத்துக் கொடுக்க, கெரிக் 1937-இல் அதை அச்சில் ஏற்றினார். மண்ணில் பாடுபடுவதைக் குறித்த "ஜியோபோனிக்ஸ்" என்ற பழைய சொல்தான் அதற்கு முன்மாதிரி.

"போனோஸ்" என்றால் கிரேக்கத்தில் உழைப்பு, பாடு. வளர்ப்பு அல்ல, கவனியுங்கள். பாடுபடுவதும் பயிரிடுவதும் ஒரே வேரில் நிற்பது நமக்குப் புதிதா? உழ, உழை, உழு. "உழந்தும் உழவே தலை" என்று வள்ளுவர் இரண்டையும் அடுத்தடுத்து வைத்தாரே! ஆகவே நீர் + உழவு = நீருழவு. உடல்மேல் உயிர் வந்து ஒன்றும், இடையில் ஒற்றுக்கூட வேண்டாம். வேரைக் காற்றில் தொங்கவிட்டுச் சத்துநீரைத் தூவும் முறைக்கு வளியுழவு. ஒரு சொல் கேட்டீர்கள், ஒரு குடும்பமே கிடைக்கிறது.

— அ.நா.

*

அக்கா,

என் பால்கனியில் மூன்று வருடமாகக் குழாய் வைத்துச் செய்கிறேன். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் "மண்ணில்லா விவசாயம்" என்கிறார்கள், இல்லையென்றால் "ஹைட்ரோபோனிக்ஸ்" என்கிறார்கள். இரண்டும் புரிகிறது. புரிகிற சொல்லை விட்டுவிட்டுப் புரியாத சொல்லை ஏன் தேட வேண்டும்? கையேட்டைப் படிக்கிற பிள்ளை மேற்கொண்டு காணொளி தேடினால் "நீருழவு" என்று போட்டு ஒன்றும் கிடைக்காது.

— செ.

*

> புரிகிற சொல்லை விட்டுவிட்டு

தம்பி, "மண்ணில்லா" என்பது இல்லாததைச் சொல்கிறது. இருப்பதைச் சொல்லவில்லை. வெறும் தென்னைநார்த்தூளில் செடி வைத்து உரநீர் ஊற்றுவதும் மண்ணில்லாததுதான். அது தனி முறை. பேரினத்தின் பெயரைச் சிற்றினத்துக்குச் சூட்டினால் பிறகு பேரினத்தை எப்படி அழைப்பது?

வேளாண்மை என்ற சொல்லைப் பற்றியும் யாராவது கேட்பீர்கள். "விருந்தோம்பி வேளாண்மை செய்தற் பொருட்டு" என்ற இடத்தில் அது உபகாரம், பயிர்த்தொழில் அல்ல. சொல்லின் பழம்பொருளே பிறர்க்கு உதவுவது. பால்கனியில் நாலு வாளி வைப்பவர் அடுத்த வீட்டுக்கும் ஒரு பிடி புதினா கொடுத்தால் அது வேளாண்மைதான், ஐயமில்லை.

— அ.நா.

*

ஐயா, வணக்கம்.

நான் வயற்காட்டு வீட்டில் வளர்ந்தவள். "நீருழவு" என்றதும் என் காதில் விழுந்தது வேறு. புழுதி உழவு, கோடை உழவு, சேற்றுழவு என்று சொல்வோம். இவற்றில் எல்லாம் முன்னால் நிற்கும் சொல் நிலத்தின் நிலையையோ காலத்தையோ சொல்லும், பின்னால் நிற்கும் உழவு ஏரோட்டுவதைத்தான் சொல்லும். அந்த வரிசையில் நீருழவு என்றால், தண்ணீர் கட்டி உழுவது. உழுகிறவர் யாரிடம் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். நீங்கள் இலக்கணத்தில் இருந்து வருகிறீர்கள், நான் வரப்பில் இருந்து வருகிறேன். இரண்டு பேரும் ஒரு சொல்லில் சந்திக்க வேண்டாமா?

— பொ.

*

அன்பு மகளே,

நல்ல தடை. அதை மதிக்கிறேன். ஆனால் உழவர் என்றால் ஏர் பிடிப்பவர் மட்டுமா? நடுகிறவரும் களை எடுக்கிறவரும் உழவர்தான். பகுதிப்பொருள் விரிந்து தொழில் முழுவதையும் தழுவிவிட்டது. நீரின்கண் செய்யும் உழவு, ஏழாம் வேற்றுமைத் தொகை.

உழவு உறுத்துகிறது என்றால் இன்னொன்று தருகிறேன். தினைப்புனம் என்கிறோம். புனம் என்பது மலைச்சாரலில் வானம் பார்த்த கொல்லை. புனல் என்பது நீர். புனற்புனம்! ஓசையைக் கேளுங்கள்.

— அ.நா.

*

ஐயா, ஓசை அழகுதான். ஆனால் என் மாணவர்களுக்குப் புனல் என்றால் ஆய்வுக்கூடத்தில் உள்ள புனல், கூம்பு வடிவில் இருப்பது. கையேட்டின் ஏழாம் பக்கத்தில் "புனல் வைத்து வாளிக்குள் ஊற்றவும்" என்று ஒரு வரியும் இருக்கிறது.

எனக்கு இந்தச் சொல் ஏன் இவ்வளவு முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். போன மாதம் வகுப்பில் இரண்டு வாளி வைத்தோம். ஒன்றில் வெறும் தண்ணீர், மற்றொன்றில் சத்து கரைத்தது. இரண்டிலும் ஒரே நாளில் முளைத்த கீரை நாற்று. முதல் வாரம் வித்தியாசமே தெரியவில்லை. அப்புறம் வெறும் தண்ணீர்ச் செடியின் அடியிலை மஞ்சளாகத் தொடங்கியது. பழைய இலையில் இருக்கும் நைட்ரஜனை எடுத்துப் புது இலைக்குக் கொடுக்கிறது என்று விளக்கினேன். கடைசி வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து, "டீச்சர், தண்ணீரில் வளர்ப்பதுதானே பாடம்? அப்புறம் ஏன் தண்ணீரில் வளரலை?" என்று கேட்டாள்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவள் கேட்டது சரி. நாம் வைக்கும் பெயர்தான் அவளைத் தவறாக அழைத்துப் போகிறது.

— ம.

*

அம்மா, அந்தப் பெண்ணின் கேள்வி 300 ஆண்டுப் பழையது. 1699-இல் இங்கிலாந்தில் உட்வர்ட் என்பவர் புதினா வகைச் செடியை மழைநீர், ஆற்றுநீர், தோட்ட மண் கலந்த நீர் என்று தனித்தனியே வைத்துப் பார்த்தார். மண் கலந்த நீரில்தான் செடி நன்றாகத் தேறியது. நீர் மட்டும் போதாது, நீரில் கலந்திருக்கும் ஏதோ ஒன்றுதான் செடியை வளர்க்கிறது என்பதற்கு அது சான்று. 1860-களில் ஜெர்மனியில் சாக்சும் நோப்பும் அந்த "ஏதோ ஒன்று" என்ன என்று உப்புகளைக் கரைத்தே காட்டினார்கள்.

ஆகவே வேதியியல் படித்தவனாக என் சொல்: கரைசல் வளர்ப்பு. கரைசல், கரைபொருள், கரைப்பான் மூன்றும் பாடநூலில் இருக்கின்றன. இயற்கை வேளாண்மை செய்கிறவர்களுக்கும் "அமுதக் கரைசல்" தெரியும். பள்ளியிலும் தோட்டத்திலும் ஒருசேரப் புழங்கும் சொல் வேறெது?

சொல் சரியாக இருந்தால் பாடமும் அதன் பின்னால் வரும். உதாரணமாக, கால்சியம் நைட்ரேட்டையும் மக்னீசியம் சல்பேட்டையும் அடர்த்தியாக ஒன்றாகக் கலந்தால் கால்சியம் சல்பேட் வெள்ளையாக அடியில் படிந்துவிடும். அதனால்தான் சத்தை இரண்டு பாட்டிலில் தனித்தனியாக வைத்து, நிறையத் தண்ணீரில் ஒவ்வொன்றாகச் சேர்க்கிறோம். "நீர்" என்று தொடங்கினால் இதற்கெல்லாம் இடமே இல்லை. பிஎச், அதாவது அமில-கார அளவு, 5.5-க்கும் 6.5-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பதும் கரைசலின் குணம்தான்.

— இரா.

*

இரா. ஐயா சொல்வது பொருந்துகிறது. என் அனுபவம் ஒன்று. முதல் முறை வெள்ளை வாளி வைத்தேன். வெளிச்சம் உள்ளே புகுந்து பாசி பிடித்தது. அதோடு வெயில் சுவரில் பட்டு வாளி சூடாகி, வேர் பழுப்பாகி வழவழவென்று ஆகிவிட்டது, கையால் தொட்டால் தோல் உரிந்து வந்தது. 20 பாகை செல்சியஸில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரையும் ஆக்சிஜன், 30 பாகையில் ஏழரைதான் கரையும் என்று அப்புறம்தான் படித்தேன். உப்பு மட்டுமல்ல, காற்றும் கரைந்திருந்தால்தான் செடி பிழைக்கும். கரைசல் என்ற சொல்லுக்குள் அதுவும் வந்துவிடுகிறது. "ஹைட்ரோபோனிக்ஸ்" என்பதை ஒரே ஒரு தடவை முன்னுரையில் போட்டுவிடுங்கள், தேடுகிற பிள்ளைக்கு உதவும்.

அக்கா, பால்கனிக்குத் தமிழ்ச் சொல் வேண்டாமா? மாடம்?

— செ.

*

மாடம் என்றால் விளக்கு மாடமும் வரும், மாடி வீடும் வரும். உப்பரிகை என்றால் அரண்மனை நினைவு. முகப்பு மாடம் எனலாம். ஆனால்...

— அ.நா.

*

குழுமத்தாரே, பால்கனியைத் தனி இழையில் பேசுவோம். வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது.

— மட்டுறுத்துநர்

*

அனைவருக்கும் நன்றி.

இப்படி வைத்திருக்கிறேன். அட்டையில் "மண்ணில்லாத் தோட்டம்". மாடித்தோட்டம் என்ற சொல் எல்லோர் வாயிலும் இருப்பதால் தோட்டம் பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும். பேரினத்தின் பெயர்தான் என்று அ.நா. ஐயா சொன்னதை மறக்கவில்லை, முதல் பத்தியிலேயே அதைச் சொல்லி, உள்ளே நெடுகக் "கரைசல் வளர்ப்பு" என்று எழுதுகிறேன். பொ. அவர்களும் செ. தம்பியும் இரா. ஐயாவும் தனி மடலில் சரி என்றார்கள். மற்றவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. மனம் நிறைந்து எடுத்த முடிவு என்று சொல்ல மாட்டேன். "வளர்ப்பு" இன்னும் கொஞ்சம் மொட்டையாகத்தான் நிற்கிறது.

— ம.

*

அம்மா,

"மண்ணில்லாத்" என்று ஒற்று மிகுத்து எழுதியதற்கு மகிழ்ச்சி. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்தின்பின் பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

கரைசல் வளர்ப்பு என்றால் கரைசலை வளர்ப்பது என்றும் விரியும். கோழி வளர்ப்பு, மீன் வளர்ப்பு எல்லாம் இரண்டாம் வேற்றுமைத் தொகைதானே? நீர்வளர்ப்பில் நீங்கள் கண்ட குறை இதிலும் பாதி இருக்கிறது. தூவும் முறைக்கு என்ன பெயர் வைப்பீர்கள்? அங்கேயும் கரைசல்தான், ஆனால் வேர் தொங்குவது காற்றில். அடுத்த பதிப்பில் அந்தக் கேள்வி வரும். அப்போது வளியுழவை எடுத்துப் பாருங்கள், நான் அதைக் கைவிடவில்லை.

அந்தக் கடைசி வரிசைப் பெண்ணிடம் இரண்டு சொல்லையும் சொல்லிக் கேட்டீர்களா? அவள் எதைச் சொன்னாள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

— அ.நா.

*

ஐயா, கேட்டேன். அவள் இரண்டையும் சொல்லவில்லை. "வாளிக்கீரை" என்றாள்.

— ம.