ஐஸ் ஆக்ஸ் 60 வாங்கவா, 70 வாங்கவா?

அம்பைக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். ஊர் அம்பாசமுத்திரம், உயரம் 5 அடி 5 அங்குலம். போன வருஷம் உத்தரகாசி நேரு மலையேற்ற நிறுவனத்தில் 28 நாள் அடிப்படைப் பயிற்சி முடித்தேன். அங்கே ஐஸ் ஆக்ஸை (பனியில் ஊன்றி நடக்கவும், சறுக்கினால் குத்தி நிற்கவும் உதவும் கோடரி) அவர்களே கொடுத்துவிட்டார்கள், அளவைக் கவனிக்கவில்லை. இப்போது மணாலிப் பக்கம் ஃப்ரெண்ட்ஷிப் பீக் (5289 மீட்டர்) போகச் சொந்தமாக ஒன்று வாங்க வேண்டும். 70 செ.மீ. விலை குறைவாகக் கிடைக்கிறது. பொதிகை ஏறும்போது நீளமான கம்புதான் எனக்குத் துணை, அதனால் மனசு 70 பக்கமே போகிறது. சரிதானா?

பாளை அண்ணாச்சி:
தம்பி, 70 வேண்டாம். நானும் கம்பு நினைப்பில்தான் முதலில் 75 வாங்கினேன். சமதளப் பனியில் ஊன்றி நடக்க சுகமாக இருந்தது. சரிவில் ஏறினதும் கதை மாறிவிட்டது. மேட்டுப்பக்கக் கையால்தானே ஊன்ற வேண்டும்? சரிவு செங்குத்தாக ஆக ஆக மேட்டுப்பக்கப் பனி நம் இடுப்புக்கு நெருங்கி வரும். நீளக் கோடரி என்றால் ஒவ்வொரு அடிக்கும் கையைத் தோள் உயரத்துக்குத் தூக்க வேண்டும். அரை மணி நேரத்தில் எனக்குத் தோள்பட்டை விட்டுப்போச்சு.

அதைவிட முக்கியம், சறுக்கினால் நிறுத்துவது. ஒரு கை தலைப்பகுதியைப் பிடித்துத் தோளோடு அணைத்திருக்கும், இன்னொரு கை ஸ்பைக் என்கிற அடிமுனைக்குப் பக்கத்தில் எதிர் இடுப்போரம் இருக்கும். குப்புறக் கிடந்து உடம்புப் பாரத்தை அலகின்மேல், அதாவது தலைப்பகுதியின் கூர்மூக்கின்மேல், போடுவோம். தண்டு நீளமாக இருந்தால் ஸ்பைக் இடுப்பைத் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்கும். பயிற்சியில் எனக்கு அது பனியில் மாட்டி, கோடரியைக் கையிலிருந்தே பிடுங்கிவிட்டது. கீழே சரிவு மட்டமாகப் போனதால் தப்பித்தேன்.

தலையைப் பிடித்துக் கையைத் தொங்கவிட்டால் ஸ்பைக் கணுக்காலைத் தொட வேண்டும் என்பது பழைய கணக்கு. இப்போது அதைவிடக் கொஞ்சம் குட்டையாகவே எடுக்கிறார்கள். உயரத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, கை நீளமும் சேர்ந்துதான். உன் உயரத்துக்கு 60 சரியாக வரும் என்று நினைக்கிறேன்.

வாங்குமுன் ஒரு வேலை செய். பழைய மண்வெட்டிக் கணை கிடந்தால் ஒன்றை 60-க்கும் இன்னொன்றை 70-க்கும் அறுத்துக்கொள். குளத்துக்கரைச் சரிவில் குறுக்காக நடந்து பார். பனி இல்லாவிட்டாலும் கை எவ்வளவு உயருகிறது என்பது தெரிந்துவிடும்.

கடையம் அக்கா:
நான் 5 அடி 1, வைத்திருப்பது 55. அண்ணாச்சி சொன்னது அப்படியே உண்மை. நீளம் தேவைப்படும் இடத்துக்கு ஒரு ட்ரெக்கிங் கம்பு (trekking pole) கொண்டு போங்கள் தம்பி, கோடரியைக் கம்பாக்க வேண்டாம். தண்டில் பி (B), டி (T) என்ற எழுத்தையும் பாருங்கள். டி என்றால் தண்டு இன்னும் உறுதி, ஆனால் உங்கள் மலைக்கு பி போதும். விமானத்தில் போனால் கைப்பையில் விடமாட்டார்கள், முனைகளுக்கு உறை போட்டு செக்-இன் பையில் வையுங்கள்.

அம்பைக்காரன்:
அண்ணாச்சி, இன்று காலையில் குளத்துக்கரையில் நடந்து பார்த்தேன். 70-ல் முழங்கை மேலே போய்விடுகிறது, 60-ல் கை இடுப்புக்குச் சற்று மேலேதான். 60-ஏ வாங்குகிறேன். நடக்கும்போது அலகு முன்னாலா, பின்னாலா?

பாளை அண்ணாச்சி:
வழுக்கும் இடமென்றால் பின்னால். அப்போதுதான் விழுந்த நொடியே பிடி மாற்றாமல் குத்த முடியும்.