வெள்ளவத்தைப் பக்கம் இருக்கிற ஆக்கள் உதவுங்கோ

வணக்கம். யாழ்ப்பாணத்தில இருந்து எங்கட இளைஞர் கழகப் பிள்ளைகள் 18 பேரோட ஓகஸ்ட் லீவுக்குக் கொழும்பு வந்தனாங்கள். முந்தநாள் காலிமுகத்திடலில ஓடி விளையாடின 15 வயதுத் தம்பிக்கு நேற்று ராத்திரி தொடக்கம் காய்ச்சல், 103 பாகை. கண்ணுக்குப் பின்னால நோகுதாம். முதல் வெயில் சூடெண்டுதான் நினைச்சம். இப்ப டெங்கோ எண்டு பயமாக் கிடக்கு.

பனடோல் மட்டும்தான் குடுத்தனாங்கள். அஸ்பிரின், இபுபுரூஃபன் டெங்கில இரத்தக் கசிவைக் கூட்டும், அதால தொடேல்லை. ஜீவனி உப்புச் சீனிக் கரைசலும் செவ்விளநீரும் கொஞ்சம் கொஞ்சமாப் பருக்கிறம். கடும் வயித்துநோ வந்தாலோ கை கால் குளிர்ந்தாலோ உடன 1990 அம்புலன்ஸுக்கு அடிப்பம்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியில இண்டைக்கு ராத்திரியே டெங்கு அன்ரிஜன் சோதனை செய்யிற இடம் எது? எனக்குச் சிங்களம் அவ்வளவு வராது, ஆரும் கூட வந்தால் பெரிய உதவி.

மற்றப் பிள்ளைகள் நாளைக்கு பஸ்ஸில வெளிக்கிடுகினம். காய்ச்சல் இறங்கிற நேரம்தான் டெங்கில ஆபத்து எண்டதால இவனை அவ்வளவு தூரம் கொண்டுபோக எனக்கு மனமில்லை. மூண்டு நாலு நாளுக்கு எங்கள் ரெண்டு பேருக்கும் நுளம்பு வலையோட ஒரு அறை கிடைக்குமோ? வாடகை தருவம்.

தாய் என்னை நம்பித்தான் அனுப்பினவ. இன்பொக்ஸில எழுதுங்கோ, முழிச்சுத்தான் இருக்கிறன்.