ஐ சிங் 63ஆம் குறி: ஐந்தாம் கோட்டில் சிக்கிக்கொண்டேன்

இம்மாதத் தொடக்கத்தில் ஐ சிங் என்னும் பழைய சீனக் குறிநூலின்படி மூன்று நாணய முறையில் குறி பார்த்தபோது, கீழிருந்து மேலாக 7, 8, 7, 8, 9, 8 (7ம் 9ம் முழுக்கோடு, 8 முறிந்த கோடு; 9 மட்டும் மாறும் கோடு) என விழுந்து, 63ஆம் அறுகோட்டு வடிவம் கிடைத்தது. மூன்று நாணயங்களும் ஒரே பக்கமாக விழுந்த ஐந்தாம் கோடு மாறினால் அது 36ஆம் வடிவம் ஆகிறது.

இந்த வடிவில் முழுக்கோடுகள் ஒற்றைப்படை இடங்களிலும் முறிந்த கோடுகள் இரட்டைப்படை இடங்களிலும் நிற்பதால், 64 வடிவங்களில் ஆறு கோடுகளும் தத்தம் இடத்தில் உள்ளது இது ஒன்றே. ஐந்தாம் கோடோ மேல் மூவரியின் (மேலுள்ள மூன்று கோடுகளின்) நடுவில் இருப்பதோடு, கீழ் மூவரியின் நடுவிலுள்ள இரண்டாம் கோட்டுடனும், ஒன்று முழுது மற்றது முறிந்தது என, பொருந்துகிறது. விதிப்படி குறையே இல்லாத அந்தக் கோட்டுக்குரிய வாசகம், கிழக்கு வீட்டார் மாடு வெட்டிப் படைப்பதைவிட மேற்கு வீட்டாரின் எளிய படையலே அருள் பெறும் என்கிறது. குறையற்ற கோட்டுக்கு ஏன் இப்படி ஒரு வாசகம்?

வடிவின் நடுக்கோடுகளால் அமையும் உள்மூவரிகளைப் பிரித்துப் பார்த்தேன்: 2-3-4 நீர், 3-4-5 நெருப்பு, அதாவது உள்ளே 64ஆம் வடிவம் ஒளிந்திருக்கிறது. அழகுதான், ஆனால் விடை அல்ல. 36இன் வாசகத்தைச் சேர்த்துப் படித்தும் தெளியவில்லை. கோட்டுக்கான பழைய விளக்கம் ‘காலம்’ என்பதையே காரணமாகச் சொல்கிறது.

கிழக்கு வீட்டாரை ஐந்தாம் கோடாகவும் மேற்கு வீட்டாரை இரண்டாம் கோடாகவும் கொண்டால், அது ஐந்தாம் கோட்டைவிடக் காலத்துக்கு ஏற்றது என்பதைக் கோடுகளின் அமைப்பில் எந்த விதி காட்டுகிறது?