நம்ம தெரு, ஒலிம்பியா (அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலம்): கூயிடக் தோண்டப் போறவங்களுக்கு

கார்த்தி: சனிக்கிழமை டோசிவாலிப்ஸ் பீச் போறோம், கூயிடக் எடுக்க, அதான் மணலுக்குள்ள இருக்குற நீளக் கழுத்து மட்டி. லோ டைட் (கடல் தண்ணி வத்துற நேரம்) மைனஸ் 2.5 அடின்னு போட்டிருக்கு, அதாவது சராசரித் தாழ்மட்டத்துக்கும் 2.5 அடி கீழ. மண்வெட்டி போதுமா? எங்க வீட்ல எல்லாருக்கும் இது புதுசு.

ராஜன் மாமா: மைனஸ் 2 அடிக்குக் கீழ இறங்குனாதான் அது இருக்குற இடம் வெளிய தெரியும், அதனால நாள் சரிதான். மண்வெட்டி மட்டும் போதாது. மட்டி ரெண்டு மூணு அடி ஆழத்துல உட்காந்திருக்கும், ஈர மணல் சரிஞ்சு குழியை மூடிக்கிட்டே வரும். ரெண்டு பக்கமும் திறந்த அகலமான டிரம் துண்டு ஒண்ணு கொண்டு போங்க. கழுத்து தெரியுற இடத்தை நடுவுல வச்சு டிரம்மை அழுத்தி இறக்கணும், உள்ள இருக்குற மணலைச் சின்ன வாளியால அள்ளணும்.

கார்த்தி: மணலுக்கு மேல கூயிடக் கழுத்துன்னு எப்படித் தெரியும் மாமா?

நிர்மலா அக்கா: ஹார்ஸ் கிளாம்னு இன்னொரு பெரிய மட்டியும் அங்கயே இருக்கும், அதைப் பார்த்துட்டுப் பாதி பேர் ஏமாந்துடுவாங்க. கழுத்து நுனியைக் கிட்டப் போய்ப் பாரு. ஹார்ஸ் கிளாமுக்கு நுனியில தோல் மாதிரி கெட்டியான மடல் இருக்கும், துளைக்குள்ள குட்டிக் குட்டி இழை தெரியும். கூயிடக் நுனி மழுமழுன்னு இருக்கும். ரெண்டு துளை, மடலும் இல்ல, இழையும் இல்ல. ஒரு துளையில தண்ணி உள்ள போகும், அதுல வர்ற நுண்பாசியை வடிகட்டித் தின்னுட்டு இன்னொண்ணு வழியா வெளிய விட்டுடும்.

நிர்மலா அக்கா: 15 வயசும் அதுக்கு மேலயும் உள்ள ஒவ்வொருத்தருக்கும் லைசென்ஸ், ஆளுக்குத் தனி வாளி. ஒரு நாளைக்கு ஆளுக்கு 3. முதல்ல கிடைச்ச 3 தான் கணக்கு, சின்னதா இருந்தாலும் ஓடு நொறுங்கினாலும் வச்சுக்கணும்.

கார்த்தி: சின்னதைத் திருப்பிப் புதைச்சுட்டா வளராதா? பாவமா இருக்கே

ராஜன் மாமா: வளராதுப்பா, செத்துடும். அந்த விதியே அதுக்குத்தான். குஞ்சா இருக்குறப்ப காலால (மட்டிக்குத் தோண்டுறதுக்குன்னு இருக்குற தசை) மணலைத் தோண்டிக் கீழ இறங்கும். வளர வளர உடம்புக்கு ஈடா கால் வளராது, அப்புறம் தோண்டவே வராது. ஒரே இடத்துல உட்காந்து கழுத்தை மட்டும் மேல நீட்டும், அது ஒரு மீட்டர் வரைக்கும் போகும். குழியில போட்டு மூடினாலும் நேரா நின்னு கழுத்தை மேல கொண்டு வர முடியாது. மேல கிடந்தா நண்டு தின்னுடும். முதல் பத்து வருஷத்துலயே ஓடு கிட்டத்தட்ட முழு அளவுக்கு வந்துடும், அதுக்கப்புறம் நூறு வருஷத்துக்கு மேலயும் வாழும். ஓட்டுல இருக்குற வளையத்தை எண்ணி 168 வயசு வரைக்கும் பதிவு பண்ணியிருக்காங்க. அதனால ஆசைக்குத் தோண்டிப் பார்க்காதீங்க, எடுத்தா சாப்பிடணும்.

கார்த்தி: தோண்டத் தோண்டக் கீழ ஓடிடும்னு ஆபீஸ்ல சொன்னாங்க

நிர்மலா அக்கா: உடம்பு ஒரு அங்குலம்கூட நகராது. கழுத்துதான் சுருங்கி உள்ள போகும், அதைப் பார்த்துட்டு ஓடுதுன்னு நினைச்சுக்குறாங்க. அந்த அவசரத்துல கழுத்தைப் பிடிச்சு இழுத்தா அறுந்து கையோட வந்துடும். கழுத்தை மட்டும் வச்சிருக்குறது சட்டப்படி குத்தம். கழுத்தை ஒட்டியே கையை விட்டு ஓடு தட்டுப்படுற வரைக்கும் போ. ஓட்டைச் சுத்தி மணலை எடுத்துட்டு, ஓட்டைப் பிடிச்சு மெதுவா அசைச்சுத் தூக்கு. ஓடு மெல்லிசு, மண்வெட்டி பட்டா உடைஞ்சுடும்.

ராஜன் மாமா: கிளம்புற அன்னைக்குக் காலையில மாநில சுகாதாரத் துறையோட மேப்ல அந்த பீச் திறந்திருக்கான்னு பாருங்க. நச்சுப்பாசி வந்தா தண்ணி நிறம் மாறணும்னு இல்ல, கண்ணால பார்த்துச் சொல்ல முடியாது.

செல்வி சித்தி: மாமா சொன்னதோட இதையும் சேத்துக்கோங்க. அந்த விஷம் மட்டியோட குடல் உருண்டையிலதான் சேரும். வேகவச்சாலும் போகாது, ஃப்ரீசர்ல வச்சாலும் போகாது. உருண்டையை முழுசா எடுத்துக் குப்பையில போடுங்க, நாய்க்கும் பூனைக்கும் போடாதீங்க.

கார்த்தி: வீட்டுக்குக் கொண்டு வந்ததும் என்ன பண்ணணும் சித்தி? நல்ல தண்ணியில போட்டு வைக்கலாமா?

செல்வி சித்தி: வேண்டாம், நல்ல தண்ணி அதைக் கொன்னுடும். ஈரத்துணி சுத்தி ஃப்ரிட்ஜ்ல வை. டப்பாவை இறுக்கி மூடாத. வாய் திறந்திருந்தா செத்த மட்டின்னு நம்ம ஊர்ல பார்க்குற கணக்கு இதுக்குச் செல்லாது. இதோட உடம்பு ஓட்டுக்குள்ள அடங்காது, உயிரோட இருந்தாலும் மூட முடியாது. கழுத்தைத் தொட்டுப் பாரு, சுருங்கினா உயிர் இருக்கு.

செல்வி சித்தி: சுத்தம் பண்றது. பெரிய பாத்திரத்துல தண்ணி தளதளன்னு கொதிக்கட்டும். முழு மட்டியை 10 செகண்ட் முக்கி எடுத்து உடனே ஐஸ் தண்ணியில போடு. ஓட்டோட உள்பக்கத்தை ஒட்டிக் கத்தியை விட்டு, ரெண்டு ஓரத்துலயும் இருக்குற தசையை அறுத்தா ஓடு கழண்டுடும். குடல் உருண்டை உடையாம எடு. கழுத்துத் தோலை அடியில இருந்து நுனிப்பக்கமா இழுத்தா காலுறை மாதிரி உருவிக்கிட்டு வந்துடும். வரலைன்னா இன்னும் 5 செகண்ட் முக்கு. அதுக்கு மேல போனா கழுத்து வெந்து ரப்பராயிடும். நுனியை வெட்டிட்டு, கழுத்தை நீளவாக்குல பிளந்து, ரெண்டு குழாய்க்குள்ள இருக்குற மணலைக் கழுவு.

ராஜன் மாமா: தோலை விடாம எடுத்துடுங்க. 2013 டிசம்பர்ல சீனா இங்கேயிருந்து கூயிடக் இறக்குமதியை நிறுத்தினப்ப ஆர்சனிக்கையும் ஒரு காரணமா சொன்னாங்க. அது கூடுதலா இருந்தது தோல்லதான்.

கார்த்தி: பொரிச்சுடலாமா மொத்தத்தையும்?

செல்வி சித்தி: ஐயோ, கழுத்தைப் பொரிச்சுடாத! அதோட அருமையே நறுக்குன்னு கடிபடுறதும் பின்னாடி வர்ற இனிப்பும்தான். சாய்வா, காகிதம் மாதிரி மெல்லிசா சீவு. ஜப்பான்காரங்க பச்சையா சோயா சாஸ்ல தொட்டுக்குவாங்க, சீனாக்காரங்க மேசையிலயே கொதிக்குற சூப்புல (ஹாட் பாட்) சில நொடி காட்டி எடுப்பாங்க. எனக்கு எலுமிச்சை, துருவின இஞ்சி, கொஞ்சம் பச்சை மிளகா போதும். கர்ப்பிணியும் நோய் எதிர்ப்பு குறைஞ்சவங்களும் பச்சையா சாப்பிடக் கூடாது. கோடையில விப்ரியோ கிருமி அதிகம், அப்ப எல்லாருமே வேகவச்சுச் சாப்பிடுறதுதான் நல்லது.

செல்வி சித்தி: ஓட்டுக்குள்ள இருக்குற சதை கழுத்தை விட மென்மையா இருக்கும், வறுவலுக்கு அதுதான். கால் கிலோவுக்கு எண்ணெய் 2 டேபிள்ஸ்பூன், சின்ன வெங்காயம் 10, பூண்டு 4 பல், கறிவேப்பிலை, மிளகுத்தூள் 1 டீஸ்பூன். மசாலா முழுசா வதங்கின பிறகு தீயை ஏத்திட்டுச் சதையைப் போடு, ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். சட்டியில தண்ணி விட ஆரம்பிச்சா நேரம் தாண்டிடுச்சுன்னு அர்த்தம். உப்பைக் கடைசியில ருசி பார்த்துப் போடு, கடல் உப்பு சதையிலயே இருக்கும்.

கார்த்தி: 🙏 சித்தி. இன்னொண்ணு, வேற ஒரு பீச்ல மணல்ல வரிசையா பிளாஸ்டிக் குழாய் நட்டு வச்சிருக்காங்களே, அது என்ன?

ராஜன் மாமா: அது பண்ணை. ஒவ்வொரு பிவிசி குழாய்க்குள்ளயும் மூணு நாலு குஞ்சு விட்டு, நண்டு நுழையாம வலை போட்டிருப்பாங்க. ஒண்ணு ரெண்டு வருஷத்துல குழாயை எடுத்துடுவாங்க, அறுவடைக்கு அஞ்சாறு வருஷம் ஆகும். குழாய் இல்லாத இடமும் பண்ணையா இருக்கலாம், அதனால பொது பீச் எல்லையைத் தாண்டாதீங்க.

நிர்மலா அக்கா: லோ டைட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே தண்ணி ஓரத்துக்குப் போயிடு கார்த்தி. எடுத்ததும் குழியை மூடிடு, அள்ளிக் குவிச்ச மணலுக்கு அடியில மாட்டுற சின்ன மட்டியெல்லாம் மூச்சு முட்டிச் செத்துடும்.